வழியில் நிற்கிற வண்டி

“கார்லதான் போறோம்.”

“ரயில்லதான் போறோம்.”

“கார்.”

“ரயில்.”

“ஒண்ணு சாப்பிட்டு முடிச்சுட்டுச் சண்டை போடுங்க. இல்லாட்டி சண்டையை முடிச்சுட்டுச் சாப்பிட உக்காருங்க. ரெண்டும் ஒரே தட்டுல வேணாம்” என்றாள் அக்கா.

இதில் கார் என்றது மனைவி. ரயில் என்றது கணவன். வேடிக்கையே அதுதான். கணவன் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மனுஷன். அப்படிப்பட்டவர் காரே கண்ணில் படக்கூடாது என்கிறார். தையல்காரர் எனக்குச் சட்டையே வேண்டாம் என்று நின்றால் எப்படி இருக்கும், அப்படி.

“ஏண்டா தம்பி, உனக்கு கார் மேல அப்படி என்ன கோவம்?” என்று கேட்டாள் அக்கா. அவள் மாஸ்டருக்கு மூத்தவள். ஆஸ்பத்திரி வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் டோக்கன் கொடுக்கிற மேஜையில் வேலை. அங்கே அவளுக்கு டோக்கன் அக்கா என்றே பேர். வீட்டிலும் அந்த மேஜையை விட்டு அவள் இறங்குவதில்லை.

“கார் மேல கோவம் இல்லக்கா. பிரேக் மேலதான்.”

“பிரேக் என்ன பண்ணுச்சு?”

“நான் உக்கார்ற சீட்டுல ஸ்டியரிங் கிடையாது, தெரியுமில்ல? காலுக்குக் கீழ ஒரு பிரேக் மட்டும் இருக்கு. பக்கத்துல ஓட்டக் கத்துக்கறவன் எதுல போய் முட்டுவான்னு தெரியாது. காலையில காலை அது மேல வெச்சா சாயங்காலம்தான் எடுக்கறேன். இப்ப என் கால் என் பேச்சைக் கேக்கறதில்ல. முடி வெட்டற கடையில நாற்காலியைச் சுத்தினாக்கூட பிரேக் போடுது.”

“தூக்கத்துலயும் போடுது. நேத்து போட்ட பிரேக்குல நான் கட்டில்லேர்ந்து விழுந்தேன்” என்றாள் மனைவி.

“அதுக்குத்தான் ரயில்னு சொல்றேன். ரயில்ல எந்த சீட்டுலயும் பிரேக் இல்ல. ஓட்டறவன் எங்கயோ முன்னாடி இருக்கான். அவன் மூஞ்சிகூட நமக்குத் தெரியாது. ஒரு வாரம் என் கால் சும்மா கிடக்கணும்க்கா.”

“சரி, உன் கேஸ் முடிஞ்சுது. அடுத்து” என்றாள் அக்கா.

அடுத்து மனைவி. அவளுக்கு பாட்டில் கம்பெனியில் செக்கிங் வேலை. வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் பெல்ட்டில் கண்ணாடி பாட்டில்கள் வரிசையாக ஓடும். விரிசல் விட்டது, வாய் கோணினது, உள்ளே குமிழ் நிற்பது எல்லாவற்றையும் ஓடுகிற ஓட்டத்திலேயே பார்த்துக் கையால் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் சூப்பர்வைசர் நம்மை எடுத்துவிடுவார்.

“அண்ணி, நாள் பூரா எல்லாம் என் கண்ணு முன்னாடி ஓடிட்டே இருக்கு. பெல்ட்டு நின்னாலும் விடமாட்டேங்குது. சாப்பாட்டு மணி அடிச்சுத் திரும்பிப் பாத்தா, சுவர் எதிர்ப்பக்கமா ஓடுது.”

“சுவரா?”

“சுவர், கடிகாரம், சூப்பர்வைசர், எல்லாம். கண்ணைத் தேச்சுட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்தாத்தான் அதது அதது இடத்துல நிக்குது. இப்ப பழைய பெல்ட்டைக் கழட்டிட்டுப் புதுசு போடறாங்க, கம்பெனிக்கு ஒரு வாரம் லீவு. இப்படி முழுசா ஒரு வாரம் லீவு விட்டதா அங்க யாருக்குமே ஞாபகம் இல்ல. இந்த ஒரு வாரத்துல என் கண்ணு ஒரு இடத்துல நிக்கணும் அண்ணி. எனக்கு வேற எதுவும் வேணாம்.”

“அதுக்கு ரயில் என்ன தடை?”

“ரயில் ஜன்னல்ல என்ன தெரியும்? மரம், கம்பம், வீடு. மரம், கம்பம், வீடு. பாட்டிலுக்குப் பதிலா மரம், அவ்வளவுதான். அதுக்கு நான் கம்பெனியிலயே உக்காந்துக்கறேன், சம்பளமாவது வரும். கார்னா நிறுத்துங்கன்னு சொன்னா நிக்கும். நான் பாக்கறவரைக்கும் பாத்துட்டு, போலாம்னு சொன்னப்புறம் போலாம்.”

அக்கா ஒரு வாய் சாப்பிட்டாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். ஊர் சுற்றப் போவது மூன்று பேர். ஒரு ஓட்டு அந்தப் பக்கம், ஒரு ஓட்டு இந்தப் பக்கம். மூன்றாவது ஓட்டு தன் கையில் இருக்கிறது என்பது அந்தத் தண்ணீரோடுதான் அவளுக்கு உறைத்தது. உடனே நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“அப்ப, யாரு என்ன தர்றீங்க?”

“கார்ல முன் சீட்டு உங்களுக்குத்தான் அண்ணி.”

“ரயில்ல ஜன்னலோரம், கீழ் பெர்த்து” என்றார் மாஸ்டர்.

“கார்ல எங்க டீக்கடை வந்தாலும் இறங்கலாம்.”

“ரயில்ல டீயே நம்மளைத் தேடிட்டு வரும்.”

“கார்ல பெட்டியைத் தூக்க வேணாம்.”

“ரயில்ல பெட்டியை நான் தூக்கறேன்.”

“கார்ல டாய்லெட் இருக்கா?” என்று கேட்டாள் அக்கா.

கார்க் கட்சி அந்த இடத்தில் டெபாசிட் இழந்தது. மனைவி சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினாள். பிறகு, “நீங்க எங்க சொன்னாலும் நிறுத்தச் சொல்றேன் அண்ணி” என்றாள் சின்னக் குரலில்.

அந்தக் குரலைக் கேட்டதும் அக்காவுக்கு ஓட்டை விற்க மனசு வரவில்லை.

“செருப்பு வாங்கறதுன்னாலே கடைக்குள்ள நாலடி நடந்து பாக்கறோம். ஒரு வார ஊர் சுத்தல், வாயாலயே முடிவு பண்ணினா எப்படி? சனிக்கிழமை காரு. ஞாயித்துக்கிழமை ரயிலு. ரெண்டுலயும் கொஞ்ச தூரம் போய்ப் பாப்போம். திங்கக்கிழமை கிளம்புவோம். போற இடம் எல்லாம் ரோட்டு மேலயும் இருக்கு, தண்டவாளத்து மேலயும் இருக்கு. அருவியும் ஏரியும் கோட்டையும் எங்கயும் ஓடிப்போயிடாது.”

“எனக்கு ஓடும் அண்ணி” என்றாள் மனைவி.

*

காரை மாஸ்டரே ஓட்டலாமே என்று யாரும் கேட்கவில்லை. அவர் ஓட்டினால் அதற்குப் பேர் லீவா? மனைவி ஓட்டலாமே என்றால், அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. கல்யாணமான புதிதில் மாஸ்டர் அவளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். முதல் நாளே இரண்டு பேரும் தனித்தனியாக நடந்து வீட்டுக்கு வந்தார்கள். காரை அப்புறம் வேறு யாரோ கொண்டுவந்து விட்டார்கள்.

ஆகவே டிரைவரோடு வாடகைக் கார். சனிக்கிழமை காலையில் வாசலில் வந்து நின்றது. கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. டிரைவர் நல்ல வாட்டசாட்டமான ஆள். முறுக்கு மீசை, கறுப்புக் கண்ணாடி. ஒரு கையை ஜன்னலில் போட்டுக்கொண்டு, ஒரு விரலால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்தவர், மாஸ்டர் படியிறங்கி வருவதைப் பார்த்ததும் கையை உள்ளே இழுத்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மீசைகூடக் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது.

“மாஸ்டர்!”

“நீயா! ஏண்டா, நீ பாஸ் பண்ணிட்டியா?”

“நாலாவது தடவையில பண்ணிட்டேன் மாஸ்டர்.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே.”

“உங்களைப் பாத்து சொல்றதுக்கு பயமா இருந்துச்சு மாஸ்டர்.”

அவ்வளவுதான். வந்தபோது இருந்த டிரைவர் வேறு, கிளம்பும்போது இருந்த டிரைவர் வேறு. சீட்டை முன்னால் இழுத்தார். இரண்டு பக்கக் கண்ணாடியையும் திருப்பிப் பார்த்தார். பெல்ட்டைப் போட்டார். கியரை ஆட்டி நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்தார். ஹாரனை ஒரு தடவை அடித்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்து, “மாஸ்டர், கிளம்பலாமா?” என்றார்.

“என்னை ஏன் கேக்கறே? நான் இன்னைக்கு பாசஞ்சர்.”

“சரி மாஸ்டர்” என்று கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்துபோயிற்று.

முன் சீட்டில் அக்கா. பின்னால் மனைவியும் மாஸ்டரும். தெரு முனை திரும்புவதற்குள் அக்கா திரும்பிப் பார்த்தாள்.

“தம்பி, என் சீட்டு தானா முன்னாடி நகருது.”

“நான் ஒண்ணும் பண்ணலியே.”

“காலை எங்க வெச்சிருக்கே?”

மாஸ்டர் குனிந்து பார்த்தார். கால் அக்காவின் சீட்டுக்கு அடியில் போய், ஒரு கம்பியைக் கண்டுபிடித்து அழுத்திக்கொண்டிருந்தது. எடுத்தார். முன்னால் போன லாரியில் சிவப்பு விளக்கு எரிந்ததும் கால் மறுபடியும் போய்விட்டது. அக்காவின் மூக்கு காரின் முன்கண்ணாடியைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

“ஏண்டா, என்னை எஞ்சின் மேலயே உக்கார வெச்சுடுவே போலிருக்கே!”

டிரைவர் ஒவ்வொரு திருப்பத்துக்கும் உள்கண்ணாடியில் மாஸ்டர் முகத்தைப் பார்த்தார்.

“பின்னாடி பாக்காதேடா, ரோட்டைப் பாரு.”

“கண்ணாடியைப் பாத்துட்டே ஓட்டணும்னு நீங்கதான் மாஸ்டர் சொன்னீங்க.”

“பின்னாடி வர்ற வண்டியைப் பாக்கச் சொன்னேன். என் மூஞ்சியை இல்ல.”

சைக்கிளில் போன ஒரு பெரியவர் அவர்களைத் தாண்டிப் போனார். போகும்போது உள்ளே யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஊர் முடிந்தது. வெயில் இதமாக இருந்தது. ரோட்டின் ஒரு பக்கம் குளம் வந்தது. குளத்து நடுவே ஒரு பாறை, பாறை மேல் ஒரு பறவை இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டு நின்றது.

“நிறுத்துங்க!” என்றாள் மனைவி.

“மாஸ்டர், நிறுத்தலாமா?”

“இது என்ன இடம்? நீயே சொல்லு.”

“வளைவு மாஸ்டர்.”

“வளைவுல நிறுத்தலாமா?”

“நிறுத்தக் கூடாது மாஸ்டர்.”

குளம் போயிற்று. பறவை போயிற்று.

“அதோ அந்தப் பெரிய மரம்! அங்க நிறுத்துங்க.”

“மேடு ஏறுது மாஸ்டர்.”

“மேட்டுல?”

“நிறுத்தக் கூடாது.”

“ஆத்துப் பாலம்! தண்ணி ஓடுது பாருங்க, இங்க நிறுத்துங்க!”

“பாலத்து மேல...” என்று மாஸ்டரும் டிரைவரும் ஒரே குரலில் ஆரம்பித்தார்கள்.

“போதும், போதும். எனக்கும் பாடம் வந்துருச்சு” என்றாள் மனைவி.

கடைசியில் டிரைவர் ஓர் இடத்தில் சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, ஓரம் கட்டி, கைபிரேக்கை இழுத்து நிறுத்தினார். எந்தச் சட்டப்படியும் குறை சொல்ல முடியாத இடம். எதிரில் ஒரு கிடங்கின் மதில் சுவர். சாம்பல் நிறம். நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் பழைய டயர்கள்.

“மாஸ்டர், பார்க்கிங் சரியா?”

“பரவாயில்ல. இன்னும் கொஞ்சம் ஓரமா விட்டிருக்கலாம்.”

“பாரும்மா, நல்லா பாத்துக்க. சுவர் நிக்குது பாரு” என்றாள் அக்கா.

மனைவி அந்தச் சுவரைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

“இதுவும் ஓடுது அண்ணி” என்றாள். கொஞ்சம் பொறுத்து, மாஸ்டர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “நாளைக்கு ரயில்லயும் இப்படித்தான்னா நான் எங்கயும் வரலை. நீங்க அக்காவும் தம்பியுமாப் போயிட்டு வாங்க. நான் வீட்டுக் கதவைச் சாத்திட்டு, எதையாவது ஒண்ணை வெச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். அடுத்த திங்கக்கிழமை புது பெல்ட்டு. பழசை விட வேகமாம்.”

டிரைவர் மெதுவாகக் கேட்டார்: “மாஸ்டர், யூ டர்ன் எடுக்கவா?”

“எடு” என்றார் மாஸ்டர். எப்படி எடுத்தார் என்று பார்க்கக்கூட இல்லை. கால் மட்டும் தன்பாட்டுக்குப் பார்த்துக்கொண்டது.

*

ஞாயிற்றுக்கிழமை ரயில். சின்னப் பயணம்தான். பக்கத்துப் பெரிய ஸ்டேஷன் வரைக்கும் போவது, ஒரு டீ குடிப்பது, திரும்பி வருவது.

மாஸ்டர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஏறினார். சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். எதிர் சீட்டுக்கு அடியிலும் பார்த்தார்.

“என்ன தொலைச்சே?” என்றாள் அக்கா.

“ஒண்ணும் இல்லக்கா. பிரேக் இருக்கான்னு பாத்தேன். இல்ல.”

“சங்கிலி இருக்கு பாரு மேல.”

“அதைக் கையாலதான் இழுக்கணும். என் கை நல்ல கை. சொன்ன பேச்சைக் கேக்கும்.”

வண்டி கிளம்பியது. மாஸ்டர் காலை நீட்டிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மனைவிக்கு ஜன்னலோரம் கொடுத்திருந்தார்கள். அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். மரம், கம்பம், வீடு. மரம், கம்பம், வீடு. வண்டி வேகம் பிடிக்கப் பிடிக்க அவள் கை தானாகப் பிரிந்தது. வலது கை மெல்ல எழுந்தது. ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் போய் எதையோ பொறுக்குகிற மாதிரி ஒரு வெட்டு வெட்டியது.

“என்னம்மா பண்றே?”

“அந்த வீடு அண்ணி. ஓட்டுல விரிசல்.”

“அதுக்கு?”

“எடுத்துட்டேன்.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு வெட்டு.

“இது என்ன?”

“கம்பம். சாய்ஞ்சிருக்கு.”

“இப்படியே போனா திரும்பி வர்றப்போ ஊர்ல ஒண்ணும் மிச்சம் இருக்காது போலிருக்கே!”

ஆனால் மனைவியின் நெற்றி சுருங்கியிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினாலும் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். இமைக்கு அடியில் விழி இப்படியும் அப்படியும் போவது வெளியே தெரிந்தது.

மாஸ்டருக்கும் நிம்மதி நீடிக்கவில்லை. ஒரு சின்ன ஸ்டேஷன் வந்தது. வண்டி நிற்காத ஸ்டேஷன். பிளாட்பாரத்து ஓரத்தில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ரயில் பாட்டுக்கு விர்ரென்று போயிற்று. மாஸ்டரின் கால் தரையை அழுத்தியது. அழுத்தின அழுத்தில் அவர் சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

“என்னடா?”

“ஓரத்துல ஆள் நிக்குதுக்கா. இவன் வேகத்தையே குறைக்கலியே!”

“ரயில் குறுக்க வர்றவனுக்காக வளைஞ்சா போகும்?”

“அதுக்கில்ல. பிரேக் இல்லேன்னா நிம்மதியா இருக்கும்னு நினைச்சேன். பிரேக்கும் இல்ல, நிம்மதியும் இல்ல.”

“ஆக மொத்தம், என் ஓட்டை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?” என்று அக்கா இரண்டு பேரையும் பார்த்தாள். ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு, ஒருத்தர் காலைப் பிடித்துக்கொண்டு. “நல்ல ஜோடிடா நீங்க.”

அப்போதுதான் வண்டி மெதுவானது. இன்னும் மெதுவானது. பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது.

ஸ்டேஷன் இல்லை. ஊர் இல்லை. ஒரு பக்கம் வயல். மனைவி உட்கார்ந்திருந்த பக்கம் தண்டவாளத்தை ஒட்டி ஒரே ஒரு வீடு. வீட்டின் பக்கச் சுவரில் ஏணி சாத்தி, ஒருவர் நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

“ஏன் நின்னுச்சு?” என்று எதிர் சீட்டுக்காரர் கேட்டார்.

“சிக்னல்” என்றார் ஒருவர்.

“கிராசிங். எதிர்ல எக்ஸ்பிரஸ் வருது. அது போனாத்தான் இது” என்றார் இன்னொருவர். தினமும் வருகிறவர் போலிருக்கிறது. செய்தித்தாளை விரித்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

மனைவி கண்ணைத் திறந்தாள். நீலச் சுவர் முதலில் எதிர்ப்பக்கமாக ஓடியது. ஏணி ஓடியது. ஏணி மேல் இருந்தவரும் ஓடினார். அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓட்டம் குறைந்தது. ஊர்ந்தது. பிறகு சுவர் வந்து தன் இடத்தில் நின்றது. ஏணி சுவரில் சாய்ந்து நின்றது.

“அண்ணி” என்றாள் மூச்சு விடுகிற மாதிரி. “நின்னுருச்சு.”

“அதான் தெரியுதே, வண்டி நின்னுருச்சு.”

“வண்டி இல்ல அண்ணி. சுவர்.”

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள்.

பெயிண்டர் பிரஷைத் தோய்த்தார். டப்பா விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்தார். மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு. மறுபடி தோய்த்தார். ஏணியிலிருந்து இறங்கி, தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் கடித்துக்கொண்டே பார்த்தார். மனைவியும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“மேல மூலையில கொஞ்சம் விட்டுட்டாரு” என்றாள்.

“எங்க?”

“ஜன்னலுக்கு மேல, கைக்குட்டை அகலத்துக்கு. வெள்ளையாத் தெரியுது பாருங்க.”

“அவரு வீடு, அவரு சுவரு. உனக்கு என்ன?”

“ஏங்க! இங்க பாருங்க, மேல! மேல!” என்று அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினாள். பெயிண்டர் தன்னையா என்று மார்பைத் தொட்டுக் கேட்டார். ஆமாம் என்றாள். சுவரைப் பார்த்தார். மேலே பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். பழத்தைப் பையில் திணித்துவிட்டு, ஏறிப் போய் அந்த மூலையை அடித்து, ஏணி மேலிருந்தே சரியா என்று தலையாட்டிக் கேட்டார்.

மனைவி அவசரப்படவில்லை. இடமிருந்து வலம் பார்த்தாள், வலமிருந்து இடம் பார்த்தாள். அப்புறம்தான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். ஏணி மேலிருந்தவர் ஒரு சலாம் போட்டார்.

“இங்கயும் செக்கிங் வேலைதானா? லீவுன்னியே!” என்றாள் அக்கா.

“இது வேற அண்ணி. இது எங்கயும் ஓடிப் போகலை. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாக்கலாம்.”

இதற்குள் வண்டிக்குள் முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. “இவனுங்களை நம்பி ஒரு வேலைக்குக் கிளம்ப முடியுதா!” என்றார் ஒருவர். “கேக்க ஆள் இல்ல” என்றார் இன்னொருவர். காத்திருக்கிறவர்கள் பேசுகிற பேச்செல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். டோக்கன் மேஜைக்கு அந்தப் பக்கம் தினமும் கேட்கிறதுதான். என்ன, முதல் தடவையாக இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கிறாள்.

“சத்தம் போட்டா சீக்கிரம் கூப்பிடுவாங்கன்னு நினைப்பு. கூப்பிட மாட்டாங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, “என்னடா தம்பி, நீ என்ன சொல்றே?” என்று திரும்பினாள்.

தம்பிக்குத் தலை பின்னால் சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்து, நல்ல தூக்கம். கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக, துவைத்துப் போட்ட துணி மாதிரி கிடந்தன. செருப்பு ஒன்று கழன்று எதிர் சீட்டுக்காரரிடம் போயிருந்தது.

அக்கா மனைவியின் தோளைத் தொட்டுக் காட்டினாள். மனைவி பார்த்தாள். கொஞ்ச நேரம் நம்பாமல் பார்த்தாள். குனிந்து அவர் முழங்காலை ஒரு விரலால் அசைத்துப் பார்த்தாள். ஆடிவிட்டு நின்றது. அழுத்தவில்லை.

“நிக்கற வண்டிக்கு எதுக்கு பிரேக்குன்னு அந்தக் காலுக்கே தெரிஞ்சிருச்சு போல” என்றாள் அக்கா.

“உஷ்! எழுப்பிடாதீங்க அண்ணி.”

எதிர் சீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்து, “கடவுளே, எப்பதான் இந்த வண்டி கிளம்பும்!” என்றார்.

“கொஞ்ச நேரம் நிக்கட்டுமே சார்” என்றாள் மனைவி.

அந்த மனுஷன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பெட்டியிலிருந்த எல்லோருமே திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. பெயிண்டர் இரண்டாவது கோட் ஆரம்பித்திருந்தார்.

*

பெரிய ஸ்டேஷனில் விசாரணை ஜன்னலுக்கு முன்னால் நல்ல வரிசை. அக்கா வரிசையின் வாலில் போய் நின்றாள். இன்னும் தூக்கம் கலையாத முகத்தோடு மாஸ்டர் பின்னால். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மனைவி.

முறை வந்ததும் அக்கா ஜன்னலுக்குள் குனிந்தாள்.

“தம்பி, ஒரு வாரம் ஊர் சுத்தப் போறோம். அருவி, ஏரி, கோட்டை. அந்தப் பக்கம் போற வண்டியில எது ரொம்ப நேரம் நிக்கும்?”

“எந்த ஸ்டேஷன்ல?” என்றார் உள்ளே இருந்தவர், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி.

“ஸ்டேஷன்ல இல்ல. வழியில.”

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“கம்ப்ளெயிண்ட் கவுண்டர் அடுத்த ஜன்னல்மா.”

“கம்ப்ளெயிண்ட் இல்ல தம்பி. டிக்கெட்டு. எது ரொம்ப லேட்டாப் போகுமோ அதுல மூணு பேருக்கு வேணும்.”

“எங்க வண்டி எதுவும் லேட்டாப் போகாது” என்றார் அவர். ரோஷம் வந்துவிட்டது.

வரிசை மொத்தமும் சிரித்தது.

“காலைப் பாசஞ்சர்ல போங்கம்மா. ஒரு பாலத்துக்குப் பக்கத்துல தினம் நிறுத்திடறான். நான் ஒரு தடவை இறங்கிக் குளிச்சுட்டு வந்து ஏறினேன்” என்றார் பின்னாலிருந்த ஒருவர்.

“அதெல்லாம் ஒரு லேட்டா? சாயங்கால வண்டியில போய்ப் பாருங்க” என்று ஒரு பெண் குறுக்கே வந்தாள். “எங்க வீட்டுக்காரர் என்னைப் பொண்ணு பாக்க அதுலதான் கிளம்பி வந்தாரு. அவரு வந்து சேர்றதுக்குள்ள நான் வேற ஒருத்தருக்கு டீ கொடுத்து அனுப்பிட்டேன்.”

“ரெண்டும் ஒண்ணுமில்லீங்க. மலைப்பக்கமா சுத்திட்டுப் போகுதே, அது...” என்று மூன்றாவது ஆள் ஆரம்பித்தார். ஆளாளுக்குத் தன் வண்டிதான் மட்டம் என்று மார் தட்டினார்கள். இவ்வளவு நாள் திட்டிக்கொண்டு போன வண்டிக்கு இன்றைக்கு ஒரு பெருமை வந்துவிட்டது.

“பாலத்துல நின்னா கீழ என்ன தெரியும்?” என்று மனைவி முதல் ஆளைக் கேட்டாள்.

“தண்ணி தெரியும். மணல் தெரியும். மாடு குளிப்பாட்டுவாங்க.”

“எவ்வளவு நேரம்?”

“மாடு குளிச்சு முடிச்சு, மாட்டுக்காரரும் குளிச்சு, துணியும் காஞ்சுடும்.”

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஜன்னலுக்குள் இருந்தவர் கையால் அடக்கினார். எல்லோரும் அமைதியான பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மூணாமவர் சொன்னதுதான். மலைப்பக்கத்துப் பாசஞ்சர். ஒத்தை லைனு. எதிர்ல எது வந்தாலும் இதைத்தான் ஓரங்கட்டுவாங்க. சரக்கு வண்டிக்குக்கூட வழி விடும். நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க.”

“தம்பி, வேகமாப் போகுமா?” என்று மாஸ்டர் அக்காவின் தோளுக்கு மேல் எட்டிக் கேட்டார்.

“வேகம் எடுக்கறதுக்குள்ள நின்னுடும் சார்.”

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி மாஸ்டரைப் பார்த்தாள். “ஓட்டு போட்டுடலாமா?” என்று அக்கா கேட்டாள். இரண்டு பேரும் ஒன்றாகக் கையைத் தூக்கினார்கள்.

உள்ளே இருந்தவர் பெருமூச்சு விட்டார். “அதுல போனா எப்பப் போய்ச் சேருவீங்கன்னு என்னால சொல்ல முடியாது. சரி, திரும்பி வர்றப்பவாவது எக்ஸ்பிரஸ்ல வாங்கம்மா.”

“அய்யோ, வேணாங்க!” என்றாள் மனைவி, கவுண்டர் கம்பியையே பிடித்துக்கொண்டு. “திரும்பி வர்றதுக்குத்தான் இன்னும் லேட்டா ஒண்ணு வேணும்.”